கண்ணில் 'பிரஷர்': பார்வை நல்லாத்தானே இருக்கு, சொட்டு மருந்தை நிறுத்தலாமா?

காத்திவாக்கத்திலிருந்து எலக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து, 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போய் வந்தால் குறைந்தது அரை நாள் போய்விடும். ஷிஃப்ட் வேலை என்றால் ஒரு நாள் சம்பளமே போகலாம். 'கண்ணுல பிரஷர்' என்று எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து பாதியில் நின்றுபோக இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, மருந்து போட்டாலும் எந்த மாற்றமும் தெரியாது.

மாற்றம் தெரியவில்லை என்பதால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை; வேலை செய்கிறதா என்பது பரிசோதனையில்தான் தெரியும். கண் நீர் அழுத்த நோய் எனப்படும் கிளாகோமாவில், கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகிறது. (அழுத்தம் நார்மலாக இருந்தும் சிலருக்கு இது வரும்.) வலி கிடையாது. பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகும். கையில் உள்ள போன் பளிச்செனத் தெரியும்; எண்ணூர் விரைவுச் சாலையில் பக்கவாட்டில் வரும் கண்டெய்னர் லாரி தெரியாது. போன பார்வை திரும்பாது.

சங்கர நேத்ராலயா 2001-04 காலகட்டத்தில் நடத்திய சென்னை கிளாகோமா ஆய்வில், நகரத்தில் 40 வயது தாண்டியவர்களில் 3.5% பேருக்கு இதன் பரவலான வகை இருந்தது. அவர்களில் 94% பேருக்கு அதுவரை அது தெரியவே தெரியாது!

சரி, வருஷக்கணக்கில் மருந்து போட்டால் என்ன கிடைக்கும்? ஸ்வீடனில் 255 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002-ல் வந்தது. சுமார் 6 ஆண்டுகளில், சிகிச்சை பெறாதவர்களில் 62% பேருக்கு நோய் முற்றியது. சிகிச்சை பெற்றவர்களில் 45%. அதாவது மருந்து நோயை முழுசா நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும். அங்கேயே மால்மோ நகரில் நோயாளிகளை இறுதிவரை தொடர்ந்து பார்த்ததில், சுமார் 42% பேருக்கு ஒரு கண்ணாவது போனது. இரண்டும் போனது 16% பேருக்கு. அவர்களில் பாதிப் பேருக்கு அது நடந்தது 86 வயதுக்குப் பிறகு. நம்மூரில் நோய் தெரியவருவதே லேட் என்பதால், இந்தக் கணக்கை அப்படியே நமக்குப் போட முடியாது.

தினமும் சொட்டு மருந்து போடுவது முடியலையா? நிறுத்திவிடாமல் டாக்டரிடம் லேசர் பற்றிக் கேளுங்கள். பிரிட்டனில் நடந்த ஆய்வில், முதலிலேயே லேசர் செய்த கண்களில் சுமார் 70%, 6 ஆண்டுகள் கழித்தும் சொட்டு மருந்து இல்லாமலே கட்டுப்பாட்டில் இருந்தன. ஆனால் எல்லோருக்கும் ஒத்துவராது, செக்கப்பும் தொடர வேண்டும்.

தூசி, வெல்டிங் வெளிச்சத்தால் கண் எரிகிறது என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். அதை மாதக்கணக்கில் போட்டால் அதுவே அழுத்தத்தை ஏற்றிவிடும்.

அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது இந்த நோய் இருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு அதிகம், ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பழைய ஃபீல்டு டெஸ்ட் ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். நோய் நகர்கிறதா, நிற்கிறதா என்பதை டாக்டர் அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்.