கரும்பலகையின் முன்னே

கணிதத்துறைக் கருத்தரங்கு, பெருமை பேசும் மேடையன்று. கேட்போர் இடைமறித்து வினவும் சோதனைக்களம்.

ஏறத்தாழ 350 ஆண்டுகள் எவராலும் நிறுவப்படாதிருந்தது ஃபெர்மாவின் இறுதித் தேற்றம். தமது நிறுவலைச் சோதிக்க விரும்பிய ஆண்ட்ரூ வைல்ஸ், 1993ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் விரிவுரைத் தொடரொன்றை நடத்தினார். நோக்கத்தை மட்டும் மாணவர்க்கு உரைத்தாரில்லை. எதற்கென்று அறியாது கடுங்கணக்குகளைக் கேட்ட மாணவர் ஒவ்வொருவராய் விலகினர் (அவர்களை நோவதெங்ஙனம்?). எஞ்சியவர், இரகசியம் அறிந்த பேராசிரியர் நிக் காட்ஸ் ஒருவரே.

சூன் மாதம் கேம்பிரிட்ஜில் மூன்று நாள் உரையாற்றி வைல்ஸ் முடிவை அறிவித்தபோது, அவை கரவொலியால் அதிர்ந்தது. ஆயினும் செவிவழி கேட்டபோது தப்பியதொரு பிழை, அதே காட்ஸ் கையெழுத்துப் படியை வரிவரியாய்ப் படித்தபோது அகப்பட்டது. அவர் வினாவுக்கு விடையில்லை! தம் முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெயிலரின் துணையுடன் 1994 செப்டம்பரிலேதான் வைல்ஸ் அக்குறையை நீக்கினார். நிறுவல் 1995இல் அச்சேறியது.