பனிக் காலத்தில் பிள்ளைகளைக் காப்போம்



மார்கழி, தை, மாசி மாதங்களில் நுவரெலியா, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குப் பனியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பொழுது சாய்ந்ததும் குளிர் எலும்பைப் பிடிக்கும். மேகம் இல்லாத இரவில் நிலத்தின் சூடு தங்காமல் மேலே போய்விடுவதே இதற்குக் காரணம். கடல் மட்டத்திலிருந்து 6,100 அடிக்கு மேல் உள்ள நுவரெலியாவில் சில இரவுகளில் வெப்பநிலை 5 பாகை செல்சியஸுக்கும் கீழே இறங்கிவிடும். இந்த நாட்களில் இருமல், சளி, மூச்சு முட்டு என்று வைத்தியசாலைக்கு வரும் பிள்ளைகள் அநேகம். அதில் பெரும்பாலானவற்றை நம் வீட்டிலேயே தடுக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

குளிர் மட்டும்தான் காரணமா?

"பனி பட்டுச்சு, சளி புடிச்சிருச்சு" என்று சொல்கிறோம். ஆனால் சளியும் நியுமோனியாவும் கிருமிகளால் வருபவை. குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு ஒரே காம்பராவில் ஐந்தாறு பேர் படுக்கிறோம். ஒருவர் இருமினால் அந்தக் காற்றைத்தான் மற்றவர்களும் சுவாசிக்க வேண்டியிருக்கிறது. இதோடு விறகடுப்புப் புகையும் சேர்ந்தால் பிள்ளையின் மூச்சுக்குழாய் புண்பட்டு, கிருமியை எதிர்க்கும் சக்தி குறைகிறது.

ஆகவே சமைக்கும்போது கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள். காய்ந்த விறகையே எரியுங்கள். ஈர விறகுதான் அதிகம் புகையும். புகைபோக்கி அடைபட்டிருந்தால் கரியைத் தட்டி எடுங்கள். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கவேண்டாம். இரவிலும் ஜன்னலை ஒரு சாண் அளவாவது திறந்து வைத்து, பிள்ளைக்குக் கம்பளியால் நன்றாகப் போர்த்துங்கள்.

கரிச்சட்டி: உயிருக்கே ஆபத்து

சில வீடுகளில் இரவில் கதவை அடைத்துவிட்டு, தணலை ஒரு சட்டியில் போட்டுப் படுக்கும் காம்பராவில் வைக்கிறார்கள். "புகைதான் இல்லையே, என்ன ஆகப்போகுது?" என்று கேட்பார்கள். பயமே அங்கேதான். கரி சரியாக எரியாதபோது காபன் மொனொக்சைட் என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அது இரத்தத்தில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, குமட்டல், மயக்கம் வரும். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. அப்படியே உயிர் போய்விடலாம்.

தணலை ஒருநாளும் படுக்கும் காம்பராவுக்குள் கொண்டுபோகாதீர்கள். யாராவது இப்படி மயங்கிக் கிடந்தால் கதவு ஜன்னலைத் திறந்து, உடனே வெளியே தூக்கி வந்து, 1990க்கு அழையுங்கள்.

மூச்சை எண்ணிப் பாருங்கள்

சாதாரண சளியா, நியுமோனியாவா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. பிள்ளை அழாமல் இருக்கும்போது மடியில் வைத்து, சட்டையைத் தூக்கி, நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். மணிக்கூட்டையோ போனையோ பார்த்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

- 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தை: 60 அல்லது அதற்கு மேல்
- 2 மாதம் முதல் ஒரு வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்
- ஒரு வயது முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

இருமலோடு மூச்சு இந்த அளவில் இருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுதல், உதடு நீலமாதல், பால் தண்ணீர் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தியாதல், வலிப்பு, எழுப்பினாலும் எழும்பாமல் கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தாலோ, உடம்பு சில்லிட்டுப் போனாலோ, பால் குடிக்காவிட்டாலோ உடனே கொண்டுபோக வேண்டும்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு

தடித்த ஒரு உடுப்பைவிட, பெனியன், சட்டை, சுவெட்டர் என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. இடையில் தங்கும் காற்று சூட்டைக் காக்கும். வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றலாம். காதை மூடித் தொப்பி போடுங்கள். நனைந்த மேசும் சப்பாத்தும் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். முதல்நாள் மாலையே காயவையுங்கள். ஆனால் அடுப்புக்கு மேலே தொங்கவிட வேண்டாம், தீப்பிடிக்கும்.

வெறும் சாயத்தண்ணியோடு பிள்ளையை அனுப்பாதீர்கள். ரொட்டியோ, அவித்த கடலையோ, முட்டையோ கொடுங்கள். குளிரில் தாகம் தெரியாது. ஆகவே கொதித்தாறிய தண்ணீரும் போத்தலில் கொடுத்துவிடுங்கள். மூடுபனி உள்ள காலையில் பிள்ளைகள் சேர்ந்து, ரோட்டோரமாக, வாகனம் எதிரே வருவது தெரியும்படி நடக்கட்டும்.

வேண்டாத வைத்தியம்

குளிருக்கு ஒரு வாய் சாராயம் நல்லது என்பது தவறு. அது தோலுக்கு இரத்தத்தை வரவழைத்துச் சூடுபோலக் காட்டும். உண்மையில் உடம்பின் சூடு வெளியேறிவிடும். பிள்ளைகளுக்கு ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேனும் கூடாது. போனமுறை மிஞ்சிய மருந்தைக் கொடுப்பதும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மருந்தை வாங்கிக் கொடுப்பதும் ஆபத்து. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே முதல் பாதுகாப்பு. 2, 4, 6 மாதங்களில் போடும் தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். பெரியவர்களுக்கு இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அது காசநோயாக இருக்கலாம்.

விடியும்வரை காத்திருக்க வேண்டாம்

"காலையில பார்த்துக்கலாம்", "இன்னைக்கு வேலைக்குப் போகலேன்னா பேர் போயிருமே" என்று யோசிப்பது இயல்புதான். ஒருநாள் சம்பளம் நமக்குச் சின்ன விசயமில்லை. ஆனால் மூச்சு வாங்கும் குழந்தையின் நிலை ஒரே இரவில் மோசமாகலாம். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்; 1990 சுவசெரிய அம்பியூலன்ஸும் இலவசம். லயத்துக்கு வாகனம் ஏறமுடியாத இடமாக இருந்தால், எந்தச் சந்தியில் நிற்பது, யாரிடம் ஓட்டோ உண்டு, மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று லயத்தார் எல்லோரும் பகலிலேயே பேசி வையுங்கள். அந்தப் பேச்சை இந்த ஞாயிற்றுக்கிழமையே பேசலாமே!