வர்த்தமானிக்கு முன்னால் ஒரு போகம்

யாழ்ப்பாணத்து உரும்பிராயின் செம்மண் தோட்டங்களில் சின்ன வெங்காயம் நட்டால் இரண்டரை, மூன்று மாதத்தில் கிண்டிவிடலாம். செலவெல்லாம் அதற்கு முன்பே செய்தாக வேண்டும். விதை வெங்காயம், பசளை, கிருமிநாசினி, கிணற்று நீரை இறைக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் அல்லது மின்சாரம், நடவும் களை பிடுங்கவும் வரும் பெண்களின் நாட்கூலி என்று எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு; கடன் வாங்கியோ நகையை அடைவு வைத்தோ அதைச் சமாளித்துவிடுவார்கள். கணக்கில் அடங்காதது, கிண்டும் அன்று அந்தர் என்ன விலைக்குப் போகும் என்பதுதான். அந்த விலையில் மழைக்கும் நோய்க்கும் உள்ள பங்கு எல்லாருக்கும் தெரியும். இரண்டு தலைநகரங்களில் எழுதப்படும் இரண்டு தாள்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஒன்று, 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ் கொழும்பில் வெளியாகும் வர்த்தமானி. மற்றது, ஏற்றுமதியைத் தடுத்தோ தளர்த்தியோ புதுடில்லி வெளியிடும் அறிவித்தல். இரண்டுமே அநேகமாக இரவோடிரவாக நடைமுறைக்கு வருபவை. இந்தியாவுடனான பொருளாதாரப் பேச்சுகளைப் பற்றிய நமது விவாதமோ, கதவைத் திறப்பதா மூடுவதா என்பதிலேயே நின்றுவிடுகிறது. வலிகாமத்துத் தோட்டக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: கதவு எந்த மாதத்தில் எவ்வளவு திறந்திருக்கும்? நடுவதற்கு முன்பே அதற்கு விடை சொல்லும் உடன்படிக்கைதான் அவருக்குப் பயன்படும்.

இந்தப் பாடத்தை யாழ்ப்பாணம் பலமுறை படித்திருக்கிறது. ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் இங்கத்தைய புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே வரியும் கொள்கையும் மாறியபோதெல்லாம் இங்கே கன்று நட்டவர் தடுமாறினார். இந்தியா சுதந்திரமடைந்த பிறகு அந்தச் சந்தை மெல்ல மெல்லக் கைவிட்டுப் போயிற்று. 1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு அந்நியச் செலாவணி இல்லாமல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைத் தடுத்தது. யாழ்ப்பாணத்துக்காக எடுத்த முடிவல்ல அது; ஆனால் பலன் இங்கேதான் அதிகம் விழுந்தது. தோட்டங்கள் பெருகின, இறைக்கும் இயந்திரங்களும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்களும் வந்தன, கல்வீடுகள் எழும்பின. 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தன பதவிக்கு வந்தார். அந்த ஆண்டு நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தோடு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெருமளவில் தளர்ந்தன, ரூபாயின் மதிப்பு இறங்கியது. மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வரத் தொடங்க, ஏழு ஆண்டு வளமும் ஆட்டம் கண்டது. பொருளாதாரச் சீர்திருத்தம் என்ற சொல்லையே இங்குள்ளவர்கள் இன்றும் சந்தேகத்தோடு கேட்பதற்கு அந்த ஆண்டும் ஒரு காரணம்.

அப்படியானால் எழுபதுகளின் பாதுகாப்பையே திருப்பிக் கேட்கலாமே என்பார் உண்டு. கேட்கலாம்தான். ஆனால் அதே ஆண்டுகளில் தெற்கிலும் மலையகத்திலும் மக்கள் பாணுக்கு வரிசையில் நின்றார்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியைக் கண்டன. ஒரு குடாநாட்டின் செழிப்புக்கு நாடு முழுவதும் அப்படி விலை கொடுக்கும் ஏற்பாடு, அரசு மாறிய அன்றே போய்விடும், போயும் விட்டது. நிலத்தடியிலும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று அளவு கூடியதற்கு வெங்காயத் தோட்டங்களில் அளவுக்கு மீறிப் போட்ட பசளை முக்கிய காரணம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நிரந்தரமாக மூடிய கதவு இந்தச் சுண்ணக்கல் நிலத்தின் நீருக்கும் நல்லதல்ல. 1977இன் பிழையும் திறந்ததில் இல்லை; தவணை கொடுக்காமல், மாற்றுப் பயிருக்கு வழி காட்டாமல் திறந்ததில்தான் இருந்தது.

அடுத்த ஆட்சேபம், இந்தியாவுடன் பேசப்படும் எட்கா என்ற பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கையைப் பற்றியது: பெரிய நாட்டோடு கையெழுத்திட்டால் சின்ன நாடு விழுங்கப்படும். 2008இல் சீபா என்ற விரிவான பொருளாதாரப் பங்காண்மை உடன்படிக்கை கைச்சாத்துக்கு அருகில் வந்து நின்றுபோனதற்கும், 2016இல் எட்காவுக்கு எதிராக மருத்துவர்களும் தகவல் தொழில்நுட்பத் துறையினரும் திரண்டதற்கும் இந்தப் பயமே அடிப்படை. பயத்தைப் பழிக்க முடியாது. ஆனால் நடப்பைப் பார்க்க வேண்டும். 1998 டிசம்பர் 28இல் வாஜ்பாயும் சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்திட்ட சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 மார்ச்சில் அமுலுக்கு வந்தது. சலுகை கிடையாத பொருட்களின் பட்டியலில் இந்தியா 429 இனங்களை வைத்தது. இலங்கை 1,180 இனங்களை வைத்தது, விவசாயப் பொருட்களில் பெரும்பகுதி அதற்குள் அடக்கம். இலங்கையிலிருந்து இந்தியா போகும் பொருட்களில் பாதிக்கு மேல் இந்த உடன்படிக்கையின் சலுகையில் போகின்றன. அங்கிருந்து வருபவற்றில் சலுகையைப் பயன்படுத்துவது மிகச் சிறு பங்கே. ஆக, சந்தையில் குவியும் பம்பாய் வெங்காயத்தை எந்த உடன்படிக்கையும் கொண்டு வரவில்லை. உடன்படிக்கைக்கு வெளியே, சாதாரண இறக்குமதியாக, அறவீடு கட்டியே அது வருகிறது. கையெழுத்திடாமல் இருப்பதால் தோட்டக்காரருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அவ்வளவுதான்.

மறுபக்கத்தில் இந்தியாவும் நிச்சயமான விற்பனையாளர் அல்ல. 2019 செப்டம்பரிலும், 2020 செப்டம்பரிலும், 2023 டிசம்பரிலும் தன் உள்ளூர் விலையைக் காக்க வெங்காய ஏற்றுமதியைத் திடீரென்று தடுத்தது. 2023ஆம் ஆண்டுத் தடையின்போது கொழும்பில் விலை ஏறிக்கொண்டே போனது. 2024 ஏப்ரலில்தான் இலங்கைக்கென்று 10,000 தொன்னுக்கு விசேட அனுமதி கிடைத்தது. விலை ஏறும்போது உரும்பிராய்க்கு லாபம்தானே என்று தோன்றும். வெங்காயம் கையில் இருப்பவருக்கு லாபம்தான். அந்த விலையைப் பார்த்துக் கடன் வாங்கிக் கூடுதல் பரப்பில் நட்டவர் கிண்டும்போது தடை நீங்கியிருக்கும், கப்பலும் வந்திருக்கும்.

இந்தத் திடீர்த்தனத்துக்கு மருந்து உண்டென்பதை மாலைதீவு காட்டுகிறது. 1981இன் இருதரப்பு வர்த்தக உடன்படிக்கையின் கீழ் இந்தியா அந்நாட்டுக்கு ஆண்டுதோறும் அத்தியாவசியப் பொருட்களின் அளவை முன்கூட்டியே ஒதுக்குகிறது. 2024-25க்கான ஒதுக்கத்தில் வெங்காயம் மட்டும் ஏறத்தாழ 35,700 தொன். மற்ற நாடுகளுக்குத் தடை இருந்தாலும் இந்த அளவு போகும். மாலைதீவு ஜனாதிபதி முய்சுவின் அரசோடு டில்லிக்கு மனத்தாங்கல் இருந்த காலத்திலேயே அந்த ஒதுக்கம் அறிவிக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதி வைத்த ஏற்பாட்டின் பெறுமதி, உறவு கசக்கும்போதுதான் தெரியும்.

இறக்குமதிப் பக்கத்துக்கு நல்ல முன்னுதாரணம் தென் கொரியா. அமெரிக்காவுடன் அது செய்த உடன்படிக்கை 2012 மார்ச்சில் அமுலுக்கு வந்தபோது, தோடம்பழத்துக்கு ஆண்டை இரண்டாகப் பிரித்தார்கள். கொரியாவின் சொந்தப் பழம் சந்தைக்கு வரும் செப்டம்பர் முதல் பெப்ரவரி வரை 50 வீதத் தீர்வை அப்படியே இருக்கும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரையான தீர்வை மட்டும் படிப்படியாகக் குறைந்து இல்லாமற்போகும். உள்ளூரில் விளையாத மாதங்களில் நுகர்வோருக்கு மலிவு, விளையும் மாதங்களில் ஜேஜு தீவின் தோட்டக்காரருக்குக் காப்பு. அமெரிக்கா பெரிய நாடுதான், கொரியாவின் பாதுகாப்பே அதன் படைகளை நம்பியிருந்ததுதான். இருந்தும் இந்த நாட்காட்டியைப் பேசி வாங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் உருளைக்கிழங்கு மாரியில் நட்டு பெப்ரவரி, மார்ச்சில் கிண்டப்படுகிறது என்பது கமத்தொழில் திணைக்களத்துக்குத் தெரியாததல்ல. தெரிந்த அந்த நாட்காட்டியை ஒப்பந்தத்தின் அட்டவணையில் ஏற்றுவதில் என்ன தடை?

தடை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கிழங்கு வெலிமடையிலும் நுவரெலியாவிலும் வேறு மாதங்களில் விளைகிறது. பெரிய வெங்காயம் மாத்தளையில் விளைகிறது. எல்லாரையும் காக்கப் புறப்பட்டால் ஆண்டின் பன்னிரண்டு மாதமும் மூடிய மாதமாகிவிடும். அதனால் ஒன்றிரண்டு பயிர்களில், விளைச்சல் உச்சத்துக்கு வரும் சில வாரங்களில் மட்டும் தொடங்குவதே நடக்கக்கூடியது. திறைசேரி வேறொன்று சொல்லும்: விலை எகிறினால் அறவீட்டை உடனே குறைக்கும் சுதந்திரம் அரசுக்கு வேண்டும், வருமானமும் வேண்டும். 2022 ஏப்ரலில் கடன் தவணையை நிறுத்திய நாட்டில் இது வெறும் சாக்கு அல்ல. ஆனால் 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் வந்த ஏற்பாடே, வர்த்தகத்தின் மேல் ஏற்றிய துணை வரிகளைப் படிப்படியாகக் கழற்றச் சொல்கிறது. கழற்றித்தான் ஆகவேண்டுமென்றால் எந்த ஒழுங்கில் கழற்றுவது என்பதை இந்தியாவிடம் பேரம் பேசி, பதிலுக்கு ஒன்றைப் பெறுவது புத்தி. சும்மா கழற்றினால் பதிலுக்குக் கேட்க ஒன்றும் இராது. விலை குறித்த எல்லையைத் தாண்டினால் அறவீடு தானாகக் குறையும் என்றும், அதற்குக் கீழே மாற்றுவதானால் ஒரு போகத்துக்கு முன்னரே அறிவிக்க வேண்டும் என்றும் விதி எழுதலாம். அரசின் கை அதனால் முழுவதும் கட்டுப்படாது.

2022இல் இந்தியா ஏறத்தாழ 400 கோடி டொலர் பெறுமதியான உதவியைத் தந்தது. உரத் தடையால் தவித்திருந்த வயல்களுக்கு 65,000 தொன் யூரியாவும் கடனில் வந்தது. அந்த நன்றி உண்மையானது. ஆனால் ஆபத்தில் வரும் உதவியைக் கொண்டு அடுத்த போகத்தைத் திட்டமிட முடியாது. அதற்கு அட்டவணை வேண்டும், துறைமுகம் வேண்டும். பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, நாகபட்டினம் - காங்கேசன்துறைப் படகு 2023இல் ஓடத் தொடங்கியது, காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க இந்தியா நன்கொடை தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. அங்கே இறங்குதுறையோடு குளிர்க் களஞ்சியமும் தாவர நோய்ப் பரிசோதனைக் கூடமும் அமையாவிட்டால், சரக்கு ஒரு திசையில் மட்டுமே ஓடும். வலிகாமத்து வெங்காயமும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

2024 டிசம்பரில் டில்லியில் அநுர குமார திசாநாயக்கவும் மோடியும் வெளியிட்ட கூட்டறிக்கை, எட்கா பேச்சைத் தொடர்வதாகச் சொல்கிறது. அடுத்த சுற்றுக்குப் போகும் இலங்கைக் குழுவின் கோப்பில் இருக்க வேண்டிய தரவு கொழும்பில் இல்லை. உரும்பிராய், கோப்பாய், நீர்வேலிப் பக்கங்களில் எந்த மாதம், என்ன பயிர், எத்தனை பரப்பில் நடப்படுகிறது என்பதைக் கமநல சேவை நிலையங்களிலும் கமக்காரர் அமைப்புகளிலும்தான் கேட்க வேண்டும். வட மாகாண விவசாயத் திணைக்களம் அதைத் தொகுத்து, பேச்சு தொடங்குவதற்கு முன் வர்த்தகத் திணைக்களத்தின் கையில் கொடுக்கலாம். அதற்குப் புதுடில்லியின் சம்மதம் தேவையில்லை.