யாருக்கு எந்த இலாகா?
1977 தேர்தலும் ஒரு ரயில்வே தொழிலாளியின் மூன்று வருஷமும்

தேர்தல் முடிவு வெளியானால் இரண்டு நாள் வரை "யார் ஜெயித்தார்கள்" என்று பேசுவோம். மூன்றாம் நாளிலிருந்து "யாருக்கு எந்த இலாகா" என்ற பேச்சு தொடங்கிவிடும். எங்கள் ஆபீஸ் கான்டீனிலும் அப்படித்தான். ஒருவர் நிதி இலாகாவைத் தாமே பங்கு போட்டுக் கொடுப்பார். இன்னொருவர், நம் பக்கத்து ஆளுக்கு இடமில்லையே என்று அங்கலாய்ப்பார். கடைசியில் ஒருவர், "எவர் மந்திரியானால் நமக்கென்ன? நாளைக்கும் இதே லோக்கலில் தொங்கிக்கொண்டுதானே வரப்போகிறோம்" என்று முடித்து வைப்பார்.

அந்தக் கடைசிப் பேச்சை ஒப்புக்கொள்ளாத ஒருவர் தாராவியில் இருக்கிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, லோகோ ஷெட்டில் கலாசியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. எங்களுக்கு அவர் அண்ணாச்சி. 1977-ம் ஆண்டு மத்திய மந்திரி சபையைப் பற்றிக் கேட்டால், பட்டியலை மனப்பாடமாகச் சொல்வார்.

வேலை போன கதை

1974-ம் ஆண்டு மே 8-ந் தேதி அகில இந்திய ரயில்வே வேலை நிறுத்தம் தொடங்கியது. சுமார் 17 லட்சம் தொழிலாளர்கள் பங்குகொண்டார்கள். போனஸ், எட்டு மணி நேர வேலை, சம்பள உயர்வு ஆகியவை முக்கியக் கோரிக்கைகள். தலைமை தாங்கியவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். பம்பாய்த் தொழிற்சங்கங்களில் வளர்ந்தவர். 1967-ல் தென் பம்பாய்த் தொகுதியில் ரயில்வே மந்திரி எஸ்.கே. பாட்டீலையே தோற்கடித்தவர். சர்க்கார் கடுமையாக அடக்கியது. மே 27-ந் தேதி போராட்டம் கைவிடப்பட்டது. நாடெங்கும் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. அண்ணாச்சியும் அவர்களில் ஒருவர்.

"கூலி வேலைக்குப் போனேன் தம்பி. வீட்டுக்காரி இட்லி அவிச்சு வித்தா. மூத்தவன் நாலாங்கிளாஸோட நின்னுட்டான்" என்கிறார் அவர்.

அடுத்த வருஷம் ஜூன் மாதம் நெருக்கடி நிலை வந்தது. வேலையைத் திரும்பக் கேட்டு ஊர்வலம் போகவும் வழியில்லாமல் போயிற்று.

ஊரில் ஒரு முடிவு, இங்கே ஒரு முடிவு

1977 மார்ச் மாதம் தேர்தல் நடந்தது. பாரதிய லோக் தளத்தின் ஏர் உழவன் சின்னத்தில் நின்ற ஜனதா அணிக்கு 295 இடங்கள். காங்கிரசுக்கு 154. ரேபரேலியில் இந்திரா காந்தியே ராஜ் நாராயணிடம் தோற்றார். பெர்னாண்டஸ் சிறையில் இருந்தபடியே பீகாரின் முசாபர்பூரில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு சங்கடம். தமிழ்நாட்டில் காற்று வேறு பக்கம் வீசியது. அங்கே 39 இடங்களில் 34 இடங்களை அ.தி.மு.க., காங்கிரஸ், இந்தியக் கம்யூனிஸ்டு கூட்டணி பிடித்தது. பம்பாயிலோ காங்கிரசுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. வடகிழக்குத் தொகுதியில் ஜெயித்தவர் தமிழரான சுப்பிரமணியன் சுவாமி. ஊரிலிருந்து அண்ணாச்சியின் தம்பி, "நாம் ஜெயித்துவிட்டோம்" என்று கடிதம் போட்டாராம். இவரும் அதே நாளில், "நாம் ஜெயித்துவிட்டோம்" என்று எழுதிப் போட்டாராம்!

பதவிப் போட்டி

ஜெயித்தவர்களுக்குள் உடனே வழக்கு வந்தது. மொரார்ஜி தேசாய், ஜகஜீவன் ராம், சரண் சிங் என்று பிரதமர் பதவிக்கு மூன்று பேர். ஜெயப்பிரகாஷ் நாராயணும் ஆசார்ய கிருபளானியும் மொரார்ஜியைத் தேர்ந்தெடுத்தார்கள். மார்ச் 24-ந் தேதி அவர் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். ஜகஜீவன் ராம் மனம் நொந்து ஒதுங்கி நின்று, சில நாள் கழித்தே மந்திரி சபையில் சேர்ந்தார்.

தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த ஒருவர் பிரதமராகும் வாய்ப்பு நழுவியதே என்று வருந்தியவர்கள் உண்டு. நெருக்கடி நிலைத் தீர்மானத்தை 1975-ல் மக்களவையில் கொண்டுவந்தவரே அவர்தானே என்று பதில் சொன்னவர்களும் உண்டு. சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது பம்பாய் முதல்வராக இருந்தவர் மொரார்ஜி என்பதை இந்நகரத்து மக்களும் மறக்கவில்லை.

சரண் சிங்குக்கு உள்துறை, ஜகஜீவன் ராமுக்குப் பாதுகாப்பு, வாஜ்பாய்க்கு வெளிவிவகாரம் கிடைத்தன. தமிழ்நாட்டிலிருந்து பா. ராமச்சந்திரன் எரிசக்தி மந்திரியானார். சுப்பிரமணியன் சுவாமிக்கு இடமில்லை. இவற்றையெல்லாம் டீக்கடைகளில் அலசினார்கள்.

அண்ணாச்சி தேடியது ஒரே ஓர் இலாகாவைத்தான். ரயில்வே இலாகா மது தண்டவதேக்குப் போயிற்று. பம்பாய் சித்தார்த்தா கல்லூரியில் பௌதிகம் கற்பித்த ஆசிரியர், சோஷலிஸ்ட், கொங்கணப் பகுதி ராஜாப்பூரின் எம்.பி., நெருக்கடி நிலையில் பெங்களூர்ச் சிறையில் இருந்தவர்.

வேலை நிறுத்தத்துக்காக நீக்கப்பட்டவர்களைத் திரும்ப வேலையில் சேர்க்க அவர் உத்தரவிட்டார். அண்ணாச்சி மறுபடியும் ஷெட்டுக்குள் நுழைந்தார். இரண்டாம் வகுப்பில் வெறும் மரப்பலகையாக இருந்த படுக்கைகளுக்கு இரண்டு அங்குல மெத்தை வந்ததும் தண்டவதே காலத்தில்தான். தாதரில் ஏறி முதுகு வலிக்கச் சென்னை போய் இறங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பாதியில் கவிழ்ந்த வண்டி

ஆனால் பதவிப் போட்டி ஓயவில்லை. 1978-ல் சரண் சிங்கும் ராஜ் நாராயணும் மந்திரி சபையை விட்டு வெளியேற நேர்ந்தது. 1979 ஜனவரியில் சரண் சிங் துணைப் பிரதமராகத் திரும்பினார். ஜூலையில் மொரார்ஜி ராஜினாமா செய்தார். பிறகு பிரதமரான சரண் சிங், மக்களவையைச் சந்திக்காமலே ஆகஸ்டில் விலகினார். 1980 ஜனவரித் தேர்தலில் இந்திரா காந்தி 353 இடங்களுடன் திரும்பி வந்தார். மக்கள் ஐந்து வருஷத்துக்குக் கொடுத்த தீர்ப்பை, ஜெயித்தவர்கள் இரண்டரை வருஷத்துக்குள் தீர்த்துவிட்டார்கள்.

"அப்படியானால் அந்த ஆட்சி வந்ததால் என்ன லாபம், அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எனக்கு வேலை கிடைச்சுது தம்பி. அவுக சண்டை போடாம இருந்திருந்தா இன்னும் நாலு நல்லது நடந்திருக்கும். ஆனா மூத்தவனோட படிப்பைத் திருப்பிக் கொடுக்க எந்த மந்திரியாலயும் முடியலை" என்றார்.

மூத்தவர் கல்யாணில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். இளையவர்கள் இருவரும் படித்து உத்தியோகத்தில் இருக்கிறார்கள். தகப்பனாருக்குத் திரும்பக் கிடைத்த சம்பளத்தில் படித்தவர்கள்.

அடுத்த முறை மந்திரிகள் பட்டியல் வரும்போது, நம் ஊர்க்காரர் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதில் தவறில்லை. அதோடு, நாம் வேலை செய்யும் இலாகா யார் கைக்குப் போயிருக்கிறது, அவர் இதுவரை யார் பக்கம் நின்றவர் என்பதையும் பார்த்து வைப்போம். எவர் மந்திரியானால் என்ன என்று கேட்கும் கான்டீன் நண்பரை ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவிக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன்.