எழுத்தின் முகம் – 12: வறண்ட நிலத்துக்கு ஓர் எழுத்து

யாழ்ப்பாணத்து உடுவிலில் பனங்கட்டியும் ஒடியல் மாவும் பொதி செய்து விற்கும் ஒருவர், போன மாதம் தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பழைய கௌபோய்ப் படமொன்றின் விளம்பரம். மஞ்சள் மணல், ஒற்றைக் கள்ளிச் செடி, நடுவில் கனத்த பாதம் வைத்த ஆங்கில எழுத்துகள்.

"அண்ணை, இந்த மாதிரி ஒரு எழுத்துத் தமிழில இருக்கோ? எங்கட சாமான் காய்ஞ்ச நிலத்துச் சாமான். லேபலைப் பார்த்த உடன அது விளங்க வேணும்."

நியாயமான கேள்வி. வற்றாத ஆறு இல்லாத குடாநாடு இது. மேலே செம்பாட்டு மண், கீழே சுண்ணாம்புக் கல், குடிக்கவும் தோட்டத்துக்கும் கிணறு, வேலியோரம் பனை. அந்த நிலத்தில் விளைந்ததை விற்கிறவர் அந்த நிலத்தின் முகத்தை எழுத்தில் தேடுகிறார். ஆனால் அவர் காட்டிய எழுத்துப் பாலைவனத்தில் பிறந்ததல்ல.

பெரிய எழுத்துகளை ஈயத்தில் வார்த்தால் பாரம் தாங்காது, செலவும் அதிகம். அதனால் 1827இல் நியூயோர்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் இயந்திரத்தால் மரத்தைக் குடைந்து எழுத்துச் செய்து விற்கத் தொடங்கினார். நாடகக் கொட்டகை, சர்க்கஸ், ஏல விற்பனை என்று சுவரொட்டி ஒட்டியவர்களெல்லாம் அதை வாங்கினார்கள். தூரத்திலிருந்து கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே அந்தக் கனத்த பாதங்கள். அந்த எழுத்துக்குப் பாலைவனத்தின் மணத்தை ஏற்றியது பிற்காலத்துச் சினிமா. அதற்கும் முன்னரே, நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புக்குப் பிறகு இங்கிலாந்தில் எகிப்து மோகம் பரவியிருந்தது. கட்டைப் பாதம் வைத்த எழுத்துகளுக்கு 'எகிப்தியன்' என்ற பெயர் அந்தக் காலத்தில்தான் ஒட்டிக்கொண்டது. 1990இல் அடோபி நிறுவனம் பழைய மர எழுத்துகளைக் கணினிக்குக் கொண்டுவந்தபோது ஒன்றுக்கு 'மெஸ்கீற்' என்று பெயர் வைத்தது. வறண்ட நிலத்து முள்மரமொன்றின் பெயர் அது. இராமநாதபுரத்துக் காடுகளை வளைத்து நிற்கும் சீமைக் கருவேலமும் அதே இனம்.

அந்தப் பாதங்களைத் தமிழில் பொருத்தினால் என்ன ஆகும்? முயன்று பார்த்தேன். 'பனங்கட்டி' என்ற சொல்லையே எடுத்தேன். டகரத்தின் காலடியில் பாதம் வைக்கலாம், பகரத்திலும் ஒருவாறு வைக்கலாம். னகரத்தில் சுழிகள் அடைத்துப் போயின. கோட்டைத் தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் இருக்கும் வெளி சுருங்குகிறது. இரண்டு சுழி னகரத்துக்கே இந்த நிலை என்றால் மூன்று சுழி ணகரத்தின் கதி கேட்க வேண்டாம்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் தேய்ந்த தோற்றம். வறட்சியைக் காட்ட வேண்டுமென்றால் எழுத்தின் மேல் புழுதியும் கீறலும் தூவிய எழுத்துருவை எடுப்பது வடிவமைப்பாளர்களின் பழக்கம். ஆங்கிலத்தில் எழுத்தின் மேல் ஒரு பொட்டுக் கூடினாலும் சொல் பெரும்பாலும் மாறாது. தமிழில் அந்தப் பொட்டுத்தான் புள்ளி. தூவிய புழுதியில் ஒன்று ககரத்தின் தலையில் விழுந்தால் அது 'க்' ஆகிவிடும். தேய்த்த தேய்ப்பில் 'ங்' தன் புள்ளியை இழந்தால் 'ங' ஆகிவிடும். தமிழ் லேபலில் புழுதி தூவாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதனால்தான்.

கரடுமுரடு எங்கிருந்து வர வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல பாடம் 'பப்பைரஸ்' எழுத்துரு. கிறிஸ் கொஸ்ரெலோ 1982இல் அதைக் கையால் வரைந்தார். சொரசொரப்பான தாளில் பேனா ஓடியதால் ஓரங்கள் அப்படிப் பிசிறின. கருவியும் பரப்பும் உரசியதில் பிறந்த பிசிறு அது. பின்னாளில் கண்ட கண்ட இடமெல்லாம் அதைப் பயன்படுத்தி மனிதருக்குச் சலிப்பேற்றிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். பப்பைரஸ் என்பது நைல் நதிக்கரைக் கோரை. நம் ஊரில் அந்த இடத்தில் இருந்தது பனை ஓலை.

ஓலையில் எழுதுகிறவர் இடக்கையில் ஓலையைப் பிடித்து, இடக்கைப் பெருவிரலால் எழுத்தாணிக்கு அணை கொடுத்து, எழுத எழுத ஓலையை நகர்த்துவார். கீறிய கோடு முதலில் கண்ணுக்குத் தெரியாது. கரியைப் பூசித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கறுப்புத் தங்கும். எழுத்தாணிக்கு மைப் பேனாவைப் போலத் தடித்தும் மெலிந்தும் ஓடத் தெரியாது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மெல்லிய கோடுதான். புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பதால் ஏடுகளில் பெரும்பாலும் புள்ளியே இராது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். வாசிக்கிறவர்தான் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஓலை கிழியும் என்பதால்தான் தமிழ் எழுத்து வட்டமானது என்று பலர் எழுதுகிறார்கள். பாதிதான் சரி. ஓலையின் நரம்போடு கிடைக்கோடு இழுத்தால் வெடிக்கும் என்பது உண்மை. ஆனாலும் ப, ட, ம எல்லாம் தங்கள் நேர்கோட்டை விடவில்லை. வட்டமும் கோணமும் சேர்ந்து நிற்பதில்தான் ஏட்டெழுத்தின் மிடுக்கு இருக்கிறது.

இந்த நிலம் அந்த ஏட்டெழுத்தை விட்டு அச்சுக்குப் போன காலமும் தூரமல்ல. உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி 1824இல் தொடங்கியது. அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம் பக்கத்து மானிப்பாயில் ஓடத் தொடங்கியது 1834இல். உடுவிலில் பணியாற்றிய மிரோன் வின்ஸ்லோவின் பேரகராதி 1862இல் சென்னையில் அச்சேறியபோது தமிழெழுத்து ஈயத்தில் தடிப்பும் மெலிவுமாக வேறொரு முகம் எடுத்திருந்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடி அலைந்து 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதில் முதலில் நிற்பது பாலைக்கலி. பாலைத் திணையின் அந்தப் பாட்டுகள் பனை ஓலையிலிருந்து அச்சுக்கு ஏறியது இந்த வலிகாமத்து மனிதர் ஒருவரின் கையால். வறண்ட நிலத்து எழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏடுகளும் எரிந்தன. அவற்றோடு நம் கையெழுத்துகளின் சாயல்களும் போயின என்பதை நினைக்க இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

இன்று கையில் இருப்பவற்றில் எதை எடுப்பது? பிரியா இரவிச்சந்திரன் வடிவமைத்த 'கட்டமரான்' ஒன்பது தடிப்புகளில் கிடைக்கிறது. அதன் மிக மெல்லியது எழுத்தாணிக் கோட்டுக்கு அருகில் வருகிறது. ஓலை நிறத்தின் மேல் கரும்பழுப்பில் வைத்தால் நன்றாக நிற்கும், ஆனால் சிறிய அளவில் அச்சில் கரைந்துவிடும். இலங்கையரான தாரிக் அஸீஸின் 'கவிவாணர்' சாய்ந்த கையெழுத்து. பொதியின் பின்பக்கத்தில் இரண்டு வரிக் கதை சொல்ல அது உகந்தது. எக் டைப் குழுவின் 'பலூ தம்பி' உருண்டு திரண்டது. மணலில் விரலால் எழுதிய எழுத்தை அது எனக்கு நினைவூட்டும். பிள்ளைகளின் தின்பண்டத்துக்கு எடுப்பேன், பனங்கட்டிக்கு எடுக்க மாட்டேன். எதை எடுத்தாலும் வரிகளுக்கு நடுவே இடம் தாராளமாக விடுங்கள். மேல் வரியின் 'மூ'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளக் கூடாது.

பெயருக்கு மட்டும் நாங்கள் வேறு வழி போனோம். அவருடைய வீட்டுப் பெட்டகத்தில் பாட்டனாரின் எழுத்தாணி கிடந்தது. ஓலையை வேகவைத்து, உலர்த்தி, நறுக்கி, இருவருமாக மாறி மாறிக் கீறினோம். முதல் பதினைந்து ஓலைகள் வீண். புள்ளி வைத்த இடமெல்லாம் ஓட்டை. பிறகு அவர் முனையைக் குத்தாமல் சின்னஞ்சிறு வட்டமாகச் சுழித்தார். ஓலை தாங்கியது. கரி பூசித் துடைத்ததும் 'ங்', 'ட்' இரண்டின் தலையிலும் எள்ளளவு வளையங்கள் தெளிவாகத் தெரிந்தன. அதைப் படம் பிடித்துக் கணினியில் கோடு மாறாமல் வரைந்தேன்.

அச்சுக்குக் கொடுக்குமுன் அவர் ஒன்றுதான் கேட்டார்: "அந்த வட்டத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கேலுமோ? கண் மங்கின ஆச்சிமாரும் வாசிக்க வேணும்." பெரிதாக்கினோம்.