சைக்கிள் வேகத்தில் டயரின் பங்கு எவ்வளவு?

கடந்த 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் விவசாயம், வீட்டுத் தொழில் தவிர்த்த பிற பணிகளில் ஈடுபட்டோரில் சுமார் 13 சதவீதத்தினர் சைக்கிளில் பணிக்குச் சென்று வந்தனர். அவர்கள் மிதிக்கும் ஆற்றலில் கணிசமான பகுதி டயரிலேயே வீணாகிறது.

சக்கரம் சுழலும்போது, தரையைத் தொடும் இடத்தில் டயர் நசுங்கி, பின்னர் பழைய வடிவத்துக்கு மீள்கிறது. நசுக்குவதற்குச் செலவான ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாக வெளியேறிவிடுகிறது. இதனால் ஏற்படும் தடையே 'உருளல் தடை' எனப்படுகிறது.

வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். உருளல் தடையோ எந்த வேகத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். எடைக்கு ஏற்பவே கூடும். ஆகவே, டயரின் தரம் பந்தய வீரர்களுக்கு மட்டுமே உரிய கவலை என்பது சரியல்ல. மெதுவாகச் செல்வோருக்கே அதனால் பலன் அதிகம்.

உதாரணமாக, சைக்கிளும் ஓட்டுநரும் சேர்ந்து 85 கிலோ எனக் கொள்வோம். நிமிர்ந்து அமர்ந்து, சமதளச் சாலையில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் செல்ல மொத்தம் சுமார் 70 வாட் ஆற்றல் தேவை. டயர் சாதாரணமானதாக இருந்தால், இதில் 33 வாட் உருளல் தடைக்கே போய்விடும். அத்தடையைப் பாதியாகக் குறைக்கும் டயர் கிடைத்தால், அதே உழைப்பில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தை எட்டலாம். பத்து கி.மீ. தொலைவில் மூன்று நிமிடங்களுக்கு மேல் மிச்சமாகும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்பவருக்கோ, அதே டயர் மாற்றம் கூட்டித் தருவது ஏறத்தாழ 1.3 கி.மீ. மட்டுமே.

ஜார்க்கண்டில் சுமார் 200 கிலோ நிலக்கரி மூட்டைகளைச் சைக்கிளில் ஏற்றி, பெரும்பாலும் தள்ளிக்கொண்டே செல்லும் தொழிலாளர்கள் உள்ளனர். நடை வேகத்தில் காற்றின் தடை அற்பமானது. சமதளத்தில் அவர்கள் போராடுவது முக்கியமாக உருளல் தடையுடன்தான்.

காற்றழுத்தம் குறைந்தால் டயர் அதிகம் நசுங்கித் தடை உயரும். அதற்காக அளவுக்கு மீறிக் காற்றடிப்பதும் பயன் தராது. கரடுமுரடான சாலையில் வண்டி குலுங்கி, அதிலும் ஆற்றல் வீணாகும். 23 மி.மீ. டயர்களைப் பயன்படுத்திவந்த சாலைப் பந்தய வீரர்கள், 28 மி.மீ. மற்றும் அதைவிட அகலமான டயர்களுக்குக் குறைந்த அழுத்தத்துடன் மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிரப்ப வேண்டிய அழுத்தம் பொதுவாக டயரின் பக்கவாட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பஞ்சர் ஆகாவிட்டாலும் டியூபிலிருந்து காற்று மெல்லக் கசியும் என்பதால், வாரம் ஒருமுறை அழுத்தமானியால் சோதிப்பது நல்லது. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது நம்பகமான அளவீடு அல்ல.