ஸ்காபரோ: காருக்காகக் கட்டிய ஊரில் நடந்து திரிபவர்கள்

1989ஆம் ஆண்டு மாசி மாதம் நான் ஸ்காபரோவுக்குக் குடிவந்தேன். அதற்கு முன் ரொறன்ரோ நகர மையத்திலுள்ள தொடர்மாடி ஒன்றில் நாலு நண்பர்களோடு இருந்தேன். வந்த முதற் கிழமை தமிழ்க்கடைக்கு நடந்துபோனது இப்போதும் நினைவிருக்கிறது. அகன்ற தெருவைக் கடந்து, அதைவிட அகன்ற வாகனத் தரிப்பிடத்தையும் பனிக்குள்ளால் கடந்து, கடைவாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். இந்த ஊரில் நடப்பவன் நான் மட்டும்தானோ என்று யோசித்துத் திரும்பிப் பார்த்தால், பின்னால் மூன்று பேர் பைகளுடன் வந்துகொண்டிருந்தார்கள். மூவரும் எங்கட ஆட்கள்தான்.

இந்த ஊர் ஏன் இப்படி அமைந்தது என்பது பின்னர்தான் எனக்கு விளங்கியது.

ஸ்காபரோ என்ற பெயர் 1793இல் வந்தது. ஒன்ராறியோ ஏரிக்கரையின் உயர்ந்த மண் பாறைகளைப் பார்த்த ஆளுநர் சிம்கோவின் மனைவி எலிசபெத்துக்கு இங்கிலாந்திலுள்ள ஸ்காபரோ ஞாபகம் வந்ததாம். ஆனால் ஊர் அவரோடு தொடங்கவில்லை. 1956இல் நெடுஞ்சாலை வேலைக்காகத் தேபர் ஹில் என்ற மேட்டில் மண் அள்ளியபோது, பல நூற்றாண்டுகளுக்கு முன் பூர்வகுடிகள் ஒன்றாக அடக்கம் செய்த ஏறத்தாழ 500 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. அந்த மேட்டை அப்படியே விட்டு, சுற்றிவர வீடுகளைக் கட்டினார்கள். லோறன்ஸ் வீதியால் போகிறவர்களில் எத்தனை பேர் அதைத் திரும்பிப் பார்க்கிறார்கள்?

இரண்டாம் உலகப் போர்வரை இது பெரும்பாலும் விவசாயப் பூமி. போர்க்காலத்தில் எக்ளின்ரன் வீதியோரம் குண்டுகளுக்குப் பியூஸ் நிரப்பும் பெரிய தொழிற்சாலை எழுந்தது. அங்கு வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். போர் முடிந்து வீடில்லாமல் தவித்த குடும்பங்களை அந்தத் தொழிற்சாலைக் கட்டடங்களிலேயே தற்காலிகமாகக் குடியேற்றினார்கள். இந்த ஊரில் வந்திறங்கிய முதல் அகதிகள் நாங்கள் அல்ல என்று நண்பர்களிடம் பகிடியாகச் சொல்வதுண்டு. பிறகு அந்த நிலத்தை ஊர்ச்சபை வாங்கித் தொழிற்சாலைகளுக்கு விற்றது. அப்படி உருவானதுதான் 'கோல்டன் மைல்'. 1959இல் எலிசபெத் மகாராணி வந்து பார்த்த கடைத்தொகுதியும் அங்கேதான் இருந்தது. ஆளுக்கொரு வீடு, வீட்டுக்கொரு கார் என்பதே அன்றைய கணக்கு. வீட்டுக்கும் கடைக்கும் இடையிலிருந்த தூரம் யாருக்கும் பொருட்டாக இருக்கவில்லை.

1983க்குப் பின் வந்த எங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை. கையில் காசில்லை, ஓட்டுவதற்குக் காரில்லை. கனேடியர்கள் பெரிய பேரங்காடிகளுக்குப் போகத் தொடங்கியதால் பழைய வீதியோரக் கடைத்தொகுதிகளில் வாடகை மலிவாக இருந்தது. அங்கேதான் பலசரக்கும் கொத்துரொட்டியும் நகைக்கடையும் வீடியோக்கடையும் வந்து சேர்ந்தன. ரொறன்ரோவிலுள்ள தமிழர் வாழ்வின் பெரும்பகுதி, வேறு யாரும் வேண்டாமென்று விட்டுப்போன இந்தக் கட்டடங்களுக்குள் நடந்தது என்றே சொல்வேன்.

1998இல், மக்கள் வாக்கெடுப்பில் எதிர்த்தும் கேளாமல், ஸ்காபரோவை ரொறன்ரோ மாநகரத்துடன் இணைத்தார்கள். அதன் பிறகும் 'எட்டத்தில் இருக்கும் ஊர்' என்ற எண்ணம் மாறவில்லை. 1985இல் தொடங்கிய, ஆறே நிலையங்களைக் கொண்ட சிறு ரயில் பாதை 2023 ஆடி மாதம் பெட்டி தடம்புரண்டதோடு நின்றுபோனது, பிறகு ஓடவேயில்லை. அதற்குப் பதிலான சுரங்கப் பாதை முடியும்வரை பஸ்தான். என் மனைவி வேலைக்கு அரைமணி நேரம் முந்தி வெளிக்கிடுகிறாள். இரவுவேலை முடித்துத் தரிப்பிடத்தில் குளிரில் நிற்பவர்களைக் கண்டால் எனக்கு 1989 ஞாபகம் வருகிறது.

இப்போது கோல்டன் மைலில் கடைத்தொகுதிகள் இருந்த இடங்களில் உயர்ந்த குடியிருப்புக் கோபுரங்களைக் கட்டும் திட்டம் நடைபெறுகிறது. நடந்துபோகக்கூடிய ஊராக மாற்றப்போகிறார்களாம். நல்ல விடயம்தான். ஆனால் முப்பது வருடமாக நடந்தே வந்து சாமான் வாங்கியவர்களின் கடைகள் அந்தக் கோபுரங்களின் வாடகையைத் தாங்குமா? நான் முதன்முதலில் பனியில் நடந்துபோன கடையின் முதலாளியிடம் போன கிழமை கேட்டேன். கட்டட உரிமையாளர் இந்தமுறை இரண்டு வருடத்துக்கு மட்டுமே ஒப்பந்தம் எழுதித் தந்தாராம். சொல்லிவிட்டு, வழமைபோலக் கறிவேப்பிலையைப் பைக்குள் போட்டுத் தந்தார்.